முகம் பார்க்காத சிநேகிதம்

"டாக்டர், இவனுக்குச் சிநேகிதன்னு ஒருத்தன்கூடக் கிடையாது. எப்பப் பார்த்தாலும் ரூம் கதவைச் சாத்திக்கிட்டு அந்தக் கம்ப்யூட்டர்தான். ராத்திரி ஒரு மணிக்குத் தனியாச் சிரிக்கிறான். எனக்குப் பயமா இருக்கு!"

ப்ளஸ் டூ படிக்கும் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே அந்த அம்மா பொரிந்து தள்ளினார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவைச் சற்று வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "யார்கூடப்பா சிரிக்கிறே?" என்று கேட்டேன்.

முதலில் தயங்கியவன், பிறகு கடகடவென்று சொன்னான். நான்கு பேராம். ஒருவன் கோயமுத்தூர், ஒருவன் தூத்துக்குடி, ஒருவன் கொழும்பு, இவன் சென்னை. இரண்டு வருடமாக ஆன்லைனில் சேர்ந்து கேம் ஆடுகிறார்கள். போன மாதம் கோயமுத்தூர்ப் பையனின் தாத்தா இறந்துவிட்டார். அப்போது ஆட்டத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, மூன்று ராத்திரி அவனோடு வெறுமனே பேசிக்கொண்டிருந்தார்களாம்.

"இது அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவங்க கேட்டதே இல்லை சார். எத்தனை மணி நேரம்னு மட்டும்தான் கேப்பாங்க."

ஒரு மணிவரை விழித்திருப்பது தப்புதான். அந்த வயதுக்குத் தினமும் எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். ஆனால் அது தூக்கப் பிரச்னை. அதை 'சிநேகிதனே இல்லாத பையன்' என்கிற பிரச்னையோடு போட்டுக் குழப்பிக்கொண்டால், இரண்டுக்கும் தீர்வு கிடைக்காது. அந்த அம்மாவுக்கு நான் சொன்ன ஒரு நிஜக் கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஆஸ்லோவில் ஒரு பிள்ளை

நார்வே நாட்டில் மாட்ஸ் ஸ்டீன் என்று ஒரு இளைஞர் இருந்தார். 1989-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே டுஷேன் தசைச் சிதைவு நோய். பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்கும் பரம்பரை வியாதி இது. வருடம் ஆக ஆகத் தசைகள் பலம் இழந்துகொண்டே போகும். நடை போகும், கை போகும், கடைசியில் மூச்சு விடவும் இருதயம் துடிக்கவும் கஷ்டமாகிவிடும். மாட்ஸ் சக்கர நாற்காலிக்கு வந்தார். பள்ளித் தோழர்கள் ஓடியாடும் வயதில் இவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்கிற ஆட்டம். கடைசிப் பத்து வருடத்தில் அதில் அவர் செலவழித்தது 15 ஆயிரத்திலிருந்து 20 ஆயிரம் மணி நேரம்!

அப்பாவும் அம்மாவும் மனசுக்குள் உருகினார்கள். 'நம்ம பிள்ளைக்குச் சிநேகிதம், காதல், அடுத்தவனுக்கு உதவுகிற திருப்தி எதுவுமே கிடைக்கவில்லையே' என்பதுதான் அவர்களுடைய பெரிய துக்கம். 2014 நவம்பரில், 25 வயதில், மாட்ஸ் காலமானார். அவர் இணையத்தில் எழுதிவந்த பக்கத்தில் அப்பா இரண்டு வரி எழுதி, தன் மின்னஞ்சல் முகவரியையும் போட்டார். யாராவது ஒருத்தர் படித்தால் சரி என்று நினைத்துத்தான்.

வந்து குவிந்தன கடிதங்கள். ஒவ்வொன்றும் பக்கம் பக்கமாக. மாட்ஸ் அந்த ஆட்டத்துக்குள் 'ஐபெலின்' என்ற பெயரில் உலவினார். 'ஸ்டார்லைட்' என்கிற குழுவில் வருடக்கணக்கில் உறுப்பினர். எழுதியவர்கள் எல்லாம் அந்தக் குழுவினர். ஹாலந்தில் ஒரு பெண்ணுக்கு, பெற்றோர் கம்ப்யூட்டரைப் பிடுங்கிக்கொண்டபோது, மாட்ஸ் அந்தப் பெற்றோருக்கே பொறுப்பாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ஆட்டிசம் உள்ள மகனைத் தொட்டுப் பேச முடியாமல் தவித்த ஒரு தாயிடம், மகனோடு சேர்ந்து நீங்களும் ஆடுங்களேன் என்று சொல்லியிருக்கிறார். ஆஸ்லோவில் நடந்த இறுதிச் சடங்குக்கு வேறு வேறு நாடுகளிலிருந்து, மாட்ஸின் முகத்தையே நேரில் பார்த்திராதவர்கள் வந்து நின்றார்கள். இதெல்லாம் 2024-ல் டாகுமென்டரி படமாகவும் வந்துவிட்டது.

இதில் டாக்டர் என்ற முறையில் என்னை யோசிக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. பல வருடங்கள் தன் வியாதியைப் பற்றி மாட்ஸ் அந்தச் சிநேகிதர்களிடம் மூச்சு விடவில்லை. வீடியோவில் முகம் காட்டவும் இல்லை. நடுநடுவே காணாமல் போவார், சிடுசிடுப்பார், அவர்களுக்கும் காரணம் புரியாது. 2013-ல்தான் எழுதிச் சொன்னார். சொன்ன பிறகு ஒருவரும் ஓடிப்போகவில்லை. நட்பு இறுகத்தான் செய்தது.

பெற்றோருக்குத் தெரியாமலே போனதுதான் சோகம். நல்ல மனிதர்கள், பாசமான பெற்றோர். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் மகனின் முதுகும் ஒரு திரையும்தான்.

இது என்ன புதுசா?

யோசித்துப் பாருங்கள். பத்திரிகைகளில் 'பேனா நண்பர்கள்' பகுதி வந்த காலத்தில், முகம் தெரியாத ஒருவருக்கு இன்லண்ட் லெட்டர் எழுதிவிட்டுப் போஸ்ட்மேனுக்காகத் திண்ணையில் காத்திருந்தவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். வெளிநாட்டு வானொலிகளின் தமிழ் ஒலிபரப்புக்கு நேயர் மன்றம் வைத்து, அதன் மூலம் சம்பந்தி ஆகும் அளவுக்குப் பழகியவர்களும் உண்டு. 1996-ல் 'காதல் கோட்டை' வந்தபோது, பார்க்காமலே பழகுவதை யாரும் வியாதி என்று சொல்லவில்லை. தியேட்டரில் கண்ணைத் துடைத்துக்கொண்டுதானே பார்த்தோம்!

நட்பு என்பது மனசுக்கு மட்டுமல்ல, உடம்புக்கும் மருந்து என்பதை இப்போது விஞ்ஞானம் எண்ணிக்கையோடு சொல்கிறது. அமெரிக்காவில் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டட் என்ற உளவியல் பேராசிரியையும் சகாக்களும் 148 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2010-ல் வெளியிட்டார்கள். மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள். உறவும் நட்பும் வலுவாக இருந்தவர்கள், அந்தக் காலகட்டத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் தந்த அறிக்கைப்படி, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார். வருடத்துக்கு சுமார் 8 லட்சத்து 71 ஆயிரம் மரணங்களைத் தனிமையோடு சம்பந்தப்படுத்துகிறார்கள். பிரஷர், இருதய நோய், மனச்சோர்வு என்று பல வாசல் வழியாக அது உள்ளே வருகிறது.

சரி, திரை வழியாக வரும் நட்பு இந்தக் கணக்கில் சேருமா?

முதலில் 'சேராது' என்றுதான் சொன்னார்கள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் 73 குடும்பங்களுக்கு இலவசமாகக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் கொடுத்து, ஓரிரு வருடம் கவனித்தார்கள். அதிகம் உபயோகித்தவர்களுக்குத் தனிமையும் சோர்வும் கொஞ்சம் கூடியிருக்கிறது என்று 1998-ல் ராபர்ட் கிராட் குழுவினர் எழுதியதும், பத்திரிகைகள் அமர்க்களப்படுத்தின. ஆனால் அதே ஆட்கள் பிறகும் விடாமல் கவனித்து 2002-ல் திரும்ப எழுதினார்கள். அந்தக் கெடுதலில் பெரும்பகுதி மறைந்துபோயிருந்தது! புதிதாகச் சேர்த்த இன்னொரு கூட்டத்தில் நன்மையே தெரிந்தது. அதிலும் ஒரு வேடிக்கை. ஏற்கெனவே கலகலப்பாகப் பழகுகிறவர்களுக்குத்தான் லாபம் அதிகம். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு அவ்வளவு இல்லை. 'வெளியே பழகத் தெரியாதவனுக்கு இன்டர்நெட் வரப்பிரசாதம்' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கூச்சப்படுகிறவருக்கு அங்கேயும் யாராவது கை பிடித்து உட்கார வைக்க வேண்டியிருக்கிறது.

மணிக்கணக்கு

கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்பவர் 2018-ல் ஒரு கணக்குச் சொன்னார். புது ஊருக்குப் போனவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் வைத்துப் போட்ட கணக்கு அது. அறிமுகம் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பர் ஆக ஏறக்குறைய 50 மணி நேரம். நண்பர் என்று வாய் நிறையச் சொல்ல 90 மணி நேரம். உயிர் நண்பர் ஆக 200 மணி நேரத்துக்கும் மேல். அதுவும் ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் வேலை பார்க்கும் நேரம் அவ்வளவாக எண்ணிக்கையில் வராது. சேர்ந்து சிரித்த நேரம், வெட்டிக் கதை பேசிய நேரம்தான் சேரும்.

இது நேரில் பழகுகிறவர்களின் கணக்கு. என் அனுபவத்தில் ஆன்லைனிலும் விதி மாறுவதில்லை. 'குட்மார்னிங்' ரோஜாப்பூப் படத்தை 256 பேர் உள்ள குரூப்பில் போடுவதற்கு இந்தக் கணக்கில் ஒரு நிமிடம்கூடக் கிடையாது. இரவெல்லாம் கட்டை விரலால் தள்ளித் தள்ளி அடுத்தவர் கல்யாண போட்டோவைப் பார்ப்பதற்கும் கிடையாது. அது வேடிக்கை பார்ப்பது; பழகுவது வேறு. அதனால்தான் ஐந்நூறு 'ஃப்ரெண்ட்ஸ்' உள்ளவர்கூட என்னிடம் வந்து, "மனசு விட்டுப் பேச ஆளில்லை டாக்டர்" என்கிறார்.

அப்படியானால் எப்படிப்பட்ட குழுவில் சேரலாம்? சிறியதாக இருக்கட்டும். முக்கியமாக, சேர்ந்து செய்ய ஏதாவது ஒரு காரியம் இருக்க வேண்டும். சும்மா 'பேசிப் பழகலாம் வாங்க' என்கிற இடங்களில் பேச்சு இரண்டு நாளில் வற்றிவிடும், அல்லது வேண்டாத திசையில் போகும். மாடித் தோட்டம் போடுகிறவர்கள் விதை பரிமாறிக்கொள்கிறார்கள். பழைய பாட்டு ரசிகர்கள், 'இது எந்தப் படம், யார் மியூசிக்' என்று அடித்துக்கொள்கிறார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்' தெரியுமோ? சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாடுகளில் இருந்த தமிழர்கள் பழைய தமிழ் நூல்களைத் தங்கள் கையால் டைப் அடித்து, பிழை திருத்தி, இணையத்தில் இலவசமாக வைத்தார்கள். ஒருவர் அடித்ததை இன்னொரு நாட்டில் இருப்பவர் சரி பார்ப்பார். ஒருவரையொருவர் பார்த்திராமலே இப்படிச் சேர்ந்து உழைத்தவர்கள் எத்தனையோ பேர்.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் கதை சொன்னால் இன்னும் புரியும். ரிட்டயர்ட் ஆசாமி. மனைவி போய் ஒன்றரை வருடம். ஒரே பையன் டல்லஸில். தூக்கம் இல்லை, பசி இல்லை, பிரஷர் ஏறிக்கொண்டே இருந்தது. ஒருநாள் வீட்டு மதில்மேல் உட்கார்ந்த ஒரு பறவையை செல்போனில் படம் எடுத்து, யாரோ சேர்த்துவிட்ட பறவை பார்ப்போர் குரூப்பில், 'இது என்ன பட்சி?' என்று கேட்டிருக்கிறார். 'செம்போத்து சார். எங்க ஊர்ல செண்பகம்பாங்க' என்று உடனே பதில். மறுநாள் இன்னொரு படம். ஒரு வாரத்தில், 'ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு பெரும்பாக்கம் ஏரிக்கு வாங்க சார், நாங்க ஏழெட்டுப் பேர் வருவோம்' என்று அழைப்பு.

"போகவே கூச்சமா இருந்துச்சு டாக்டர். எல்லாம் சின்னப் பசங்க. என்ன பேசுறதுன்னே தெரியலை. நல்லவேளை, பறவை பார்க்கிறப்ப யாரும் பேசக் கூடாதாம்!" என்று சிரித்தார்.

இப்போது பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் அவரும் ஒருவர். 2015 முதல் வருடாவருடம் பொங்கல் நான்கு நாளும் நடக்கிறது. இருக்கும் இடத்திலேயே பதினைந்து நிமிடம் நின்று, பார்த்ததை எண்ணி, 'ஈபேர்ட்' தளத்தில் ஏற்றினால் போதும். பிரஷர் மாத்திரையை அவர் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லவும் மாட்டேன். ஆனால் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. அவர் ஒரு வாரம் குரூப்பில் தலை காட்டாவிட்டால், வீடு தேடி வந்து காலிங் பெல்லை அடிக்க ஆள் இருக்கிறது.

வியாதிக்காரர் குரூப்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே வியாதி உள்ளவர்கள், அவர்களைக் கவனிப்பவர்கள் சேர்ந்த குழுக்கள் இப்போது நிறைய. டைப் 1 சர்க்கரை வியாதி வந்த குழந்தையின் தாய்க்கு, பஸ் பிரயாணத்தில் இன்சுலினை எப்படிச் சூடு படாமல் கொண்டுபோவது, பி.டி. மாஸ்டரிடம் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் இன்னொரு தாய் சொல்லித்தான் நன்றாகப் புரியும். என்னைப் போன்றவர்களுக்கு அதெல்லாம் தோன்றாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதே குரூப்பில் ஒருவர் வந்து, 'இந்தக் கஷாயம் 48 நாள் குடிச்சா இன்சுலினே வேண்டாம்' என்பார். உஷார்! டைப் 1 குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால், ரத்தத்தில் அமிலம் ஏறி, ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஆறுதலும் அனுபவமும் குரூப்பில் வாங்கிக்கொள்ளலாம். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான்.

ராத்திரி பதினோரு மணி மனசு

பகலில் அளந்து பேசுகிற நாம், ராத்திரி பதினோரு மணிக்கு முகம் தெரியாத ஒருவரிடம் வீட்டு விவகாரம் முழுவதையும் கொட்டிவிடுகிறோமே, ஏன்? எதிரே முகம் இல்லை. புருவம் தூக்குகிற ஆள் இல்லை. கூச்சம் கழன்றுவிடுகிறது. ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004-ல் இதை விளக்கமாக எழுதினார். பாரத்தை இறக்கி வைக்கவும் இந்தக் குணம் உதவும், கன்னாபின்னாவென்று திட்டவும் இதுவே துணிச்சல் தரும். இன்னொன்றும் உண்டு. எழுத்தில் வருகிறவர் தன்னுடைய நல்ல பக்கத்தை மட்டும் யோசித்து எழுதுகிறார். மீதியை நம் மனசு தானாகவே வண்ணம் அடித்து நிரப்பிக்கொள்கிறது. மூன்றே வாரத்தில், 'இவரைப் போல் என்னைப் புரிந்துகொண்டவர் யாருமில்லை' என்று தோன்றுவது இப்படித்தான். மூன்று வாரத்தில் புரிந்துகொள்ளப்பட்டவர் நீங்களல்ல, நீங்கள் எழுதியதுதான்!

மோசடிக்காரர்களின் முதலீடும் இதே மனசுதான். லண்டனில் டாக்டர் என்பார், கப்பல் கேப்டன் என்பார். மனைவியை இழந்தவர் என்பார். வீடியோவில் மட்டும் வரமாட்டார், ஏதாவது சாக்கு. பிறகு ஒரு பரிசுப் பார்சல் அனுப்புவார். அது டெல்லி ஏர்போர்ட் கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது, வரி கட்டுங்கள் என்று ஒரு போன் வரும். கஸ்டம்ஸ்காரர்கள் எந்தத் தனி மனிதருடைய கணக்கிலும் பணம் போடச் சொல்ல மாட்டார்கள். இப்போது வீடியோவில் வரும் முகத்தையே கம்ப்யூட்டரால் மாற்ற முடிகிறது என்பதால், முகத்தைப் பார்த்துவிட்டேன் என்று நிம்மதி அடையவும் வேண்டாம். நேரில் பார்த்திராதவர் பணப் பேச்சை எடுத்தால், அன்றோடு அந்தப் பேச்சை முடியுங்கள்.

வாலிபப் பையன்களுக்கு வேறு வலை. அழகான பெண் போட்டோவோடு நட்பு, இரண்டாம் நாளே வீடியோ கால், அதை அந்தரங்கமாகப் படம் பிடித்து, 'உன் அப்பாவுக்கு அனுப்பட்டுமா?' என்று மிரட்டல். பணம் கொடுத்தால் நிற்காது, மேலும் கேட்பார்கள். கொடுக்காதீர்கள், எதையும் அழிக்காமல் ஆதாரமாக வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பணம் போய்விட்டாலும் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. மனசு உடைந்துபோனால் 14416-ல் 'டெலி மானஸ்' ஆலோசகர்கள் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் கிடையாது. இந்த வலையில் விழுந்த பையன்கள் பயப்படுவது போலீஸுக்கு இல்லை, வீட்டுக்குத்தான். "சொன்னா அப்பா கொன்னுடுவார் சார்" என்பார்கள். ஆன்லைன் சிநேகிதம் என்றாலே கத்துகிற வீட்டில், ஆபத்து வந்த பிறகும் பிள்ளை வாய் திறக்க மாட்டான்.

நேரில் பார்ப்பதென்றால்...

பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால் அவசரம் வேண்டாம். முதலில் சில முறை போனில் பேசுங்கள், வீடியோவில் பேசுங்கள். குழுவாகச் சந்திப்பது உத்தமம். தனியாக என்றால் ஜன நடமாட்டமுள்ள இடம், பகல் நேரம். ஹோட்டலோ பூங்காவோ இருக்கலாம், வீடு வேண்டாம். போகும்போதும் வரும்போதும் உங்கள் சொந்த ஏற்பாட்டில் போங்கள். யாரைப் பார்க்கப் போகிறேன், எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிய வேண்டும். 'வீட்டில் சொல்லாதே' என்று எதிராளி சொன்னால், போகாதீர்கள். பெண்கள், வீட்டு விலாசம், ஆபீஸ், தினமும் போகிற பஸ் இவற்றையெல்லாம் போட்டோவிலோ பேச்சிலோ வெளியிடாமல் இருப்பது நல்லது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் அப்பாவோ அம்மாவோ கூடப் போக வேண்டும். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து ஒரு காபி குடியுங்களேன்!

முதல் அரை மணி நேரம் சங்கடமாகத்தான் இருக்கும். எழுத்தில் வெளுத்து வாங்கினவர் நேரில் வாயைத் திறக்க மாட்டார். நீங்கள் நினைத்த உயரம் இருக்க மாட்டார், குரல் வேறு மாதிரி இருக்கும். இது ஏமாற்றம் இல்லை, மனசு அடித்த வண்ணம் உரிகிற நேரம். இரண்டாவது சந்திப்பில் சரியாகிவிடும். ஆகாவிட்டால், திரும்ப எழுத்து நட்பாகவே வைத்துக்கொள்வதிலும் தப்பில்லை.

குளியல், சாப்பாடு, பள்ளிக்கூடம் எல்லாம் விட்டுப்போய், முன்பு பழகிய நேர்ச் சிநேகிதர்களையும் ஒதுக்கி, கேட்டால் எரிந்து விழுகிற நிலை வந்தால் மட்டும் டாக்டரிடம் கூட்டி வாருங்கள். அதற்குப் பின்னால் மனச்சோர்வு ஒளிந்திருக்கலாம்.

அந்த அம்மாவுக்கு நான் ஒரு வேலைதான் கொடுத்தேன். ஒரு மாதத்துக்கு 'எத்தனை மணி நேரம்?' என்று கேட்கக் கூடாது. அதற்குப் பதில், 'இன்னிக்கு யார் யார் வந்தாங்க? கோயமுத்தூர்ப் பையன் எப்படி இருக்கான்?' என்று கேட்க வேண்டும். பையனும் பதினோரு மணிக்குக் கம்ப்யூட்டரை மூடுவதாக ஒப்புக்கொண்டான். முதல் வாரம் ஒற்றை வார்த்தையில்தான் பதில் வந்ததாம். மூன்றாம் வாரம் பையனே அம்மாவைக் கூப்பிட்டு, மைக்கில் 'ஹலோ ஆன்ட்டி' சொல்ல வைத்திருக்கிறான்.

அரையாண்டு லீவில் அந்த அம்மா போன் செய்தார்.

"டாக்டர், கோயமுத்தூர்ப் பையன் நாளைக்கு வர்றான். அவங்க அப்பாவும் கூட வர்றாராம், அங்கேயும் பயம்தான் போலிருக்கு. முதல்ல எல்லாரும் ஹோட்டல்லதான் பார்க்கிறோம், நீங்க சொன்ன மாதிரி. ஒத்துப்போச்சுன்னா மத்தியானச் சாப்பாடு நம்ம வீட்டுல. சைவமா, அசைவமான்னு கேட்டுச் சொல்லுடான்னு இவனை விரட்டிக்கிட்டிருக்கேன்."